நீல ஃப்ரிட்ஜின் தோல்

இனி வருவது முழுக்க முழுக்க உண்மை. ஒரு சொல் கூட்டியிருந்தாலும் குறைத்திருந்தாலும், என் வாழ்நாளில் இனி சூடான டீ என் உதட்டில் படாமல் போகட்டும். டீ இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது என்பதை அறிந்தவர்கள் இந்தச் சத்தியத்தின் கனத்தை உணர்வார்கள். அறியாதவர்கள் சும்மா நம்பிவிட்டுப் போகலாம். நம்புவதற்கென்ன, கை வலிக்கவா போகிறது?

வீட்டு உபயோகச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், அடுப்பு என்று விற்றதை வேனில் ஏற்றிக்கொண்டு போய், வாங்கியவர் வீட்டில் இறக்கி, மட்டம் பார்த்து நிறுத்தி, பிளக்கைச் செருகிக் கொடுத்துவிட்டு வருவது வேலை. வேலையில் சுத்தம். குடி கிடையாது, புகை கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இருந்தது ஒரே ஒரு சபலம்தான். புதுச் சாமான்மேல் கீறல் விழாமலிருக்கக் கம்பெனிக்காரன் மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டி அனுப்புவான் இல்லையா, அதை உரிப்பது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் பேசிப் பயனில்லை. முதலில் நகத்தால் ஒரு மூலையை நெருட வேண்டும். மூலை எழும்பியதும் அவசரப்படக் கூடாது. இரண்டு விரலால் நுனியைப் பிடித்து, மூச்சை இழுத்து நிறுத்தி, ஒரே சீராக இழுக்க வேண்டும். சர்ர்ர்ரென்று ஒரு சத்தம் வரும். ஒருத்தர் விரலும் படாத பளபளப்பு, அப்போதுதான் தூங்கி எழுந்ததுபோல் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும். ஃபிட்டருக்குப் பின்கழுத்தில் மயிர் சிலிர்க்கும். முதுகுவலி, முதலாளியின் முகம், வீட்டுக் கூரை ஒழுகல் எல்லாம் தாளோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும்.

கடையில் அவருக்கு 'உரிச்சான்' என்று பட்டப்பெயர். அவர் உரித்த சத்தத்தைக் கேட்டு, பிறந்ததிலிருந்து ஓயாமல் அழுத பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று கப்பென்று வாயை மூடியது. இன்று அது பெரிய ஆளாகிவிட்டது, இன்னும் அதிகம் பேசுவதில்லை. புதுக் கட்டடம் ஒன்றில் லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த தாளைத் தரைத்தளத்தில் பிடித்தவர், மேல்மாடி போய்ச் சேரும்வரை அறுபடாமல் உரித்துக்கொண்டே போனார்.

"லிஃப்ட் சுவரு ஆளுயரம்தானே அண்ணே?" என்று கேட்டார் வேன் டிரைவர்.

"லிஃப்ட்தான் மேல போச்சே" என்றார் ஃபிட்டர். டிரைவர் வேனைக் கிளப்பினார்.

மனைவிக்கு இந்தச் சங்கதி தெரியும். அவளுக்கும் ஒன்று உண்டு. அரிசி டப்பாவுக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். "என்ன தேடுற?" என்று கல்யாணமான புதிதில் கேட்டார். "ஒண்ணும் தேடலை" என்றாள். அதோடு சரி. ஊரில் பாதிப் பேருக்காவது இப்படி ஒன்று இருக்கும் என்பது அவர் எண்ணம். பெரிய சந்தோஷத்துக்கெல்லாம் ஆள் திரட்டிக் காட்டுகிற மனுஷன், இத்துனூண்டு சந்தோஷத்தை மட்டும் திருட்டுப் பொருள்போல் ஒளித்து வைத்துக்கொள்கிறானே என்று வேனில் போகும்போது யோசிப்பார். ஆனால் அவருக்குப் புரியாத கூட்டமும் ஒன்று இருந்தது. "கவரைப் பிரிக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்று தடுக்கிற வீட்டுக்காரர்கள். இலையைப் போட்டுச் சோற்றை மறைக்கிற ஜென்மங்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே படியிறங்குவார்.

இந்த நிலையில் மகளுக்கு ஒரு பையனைப் பிடித்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துச் சொல்கிறவன்.

"பையன் தங்கம்ப்பா. அவங்கப்பாதான் கொஞ்சம் ஒரு மாதிரி" என்றாள் மகள்.

"ஒரு மாதிரின்னா?"

"கிடங்குல ஸ்டோர் கீப்பரா இருந்து ஓய்வானவர். வீட்ல எதையும் பிரிக்க விடமாட்டார். சோபா கவர்ல, ரிமோட் கவர்ல. அவர் போட்டிருக்கிற கண்ணாடியில கம்பெனி ஸ்டிக்கரு அப்படியே இருக்கு."

"பிரேம்லயா?"

"லென்ஸ்ல."

ஃபிட்டருக்கு வாயில் எச்சில் ஊறியது. மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, எனக்கு இந்தப் பையன்தான் வேணும். அங்க வந்து கையைப் பாக்கெட்ல வெச்சுக்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

"நான் என்ன சின்னப்பிள்ளையா?"

"சின்னப்பிள்ளைன்னா கையைக் கட்டிப் போட்டுடலாமே."

"வாயை அடக்குன ஆளைப் பார்த்திருக்கேன்" என்றாள் மனைவி. "கையை அடக்குன ஆளை இனிமேதான் பார்க்கணும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூவரும் போனார்கள். சோபாவில் உட்கார்ந்தபோது பிளாஸ்டிக் உறை கிறீச்சென்று கத்தியது. யாரும் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஸ்டோர் கீப்பர் எதிர் நாற்காலியில், லென்ஸில் வட்ட ஸ்டிக்கரோடு, ஒரு கண்ணால் விருந்தாளிகளைப் பார்த்தார். ஃபிட்டர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டார்.

கூடத்திலிருந்து பார்த்தால் அடுப்படி தெரியும். அங்கே எல்லாம் நீலம். சுவர் நீலம், திரை நீலம், டப்பா நீலம், வாளி நீலம். நடுவில் நீலமாக ஒரு ஃப்ரிட்ஜ்.

"ஃப்ரிட்ஜ் நீலமா அமைஞ்சுபோச்சா, அதுக்குப் பொருத்தமா எல்லாத்தையும் மாத்திட்டேன்" என்றார் பையனின் அம்மா. அவர் கட்டியிருந்த புடவையும் நீலம்தான்.

ஃபிட்டர் ஃப்ரிட்ஜை உற்றுப் பார்த்தார். அந்த ரகத்தில் எத்தனையோ ஃப்ரிட்ஜை அவர் தூக்கி இறக்கியிருக்கிறார். நீலத்தில் அது வந்ததே கிடையாது. ஃப்ரிட்ஜ் பாலாட்டம் வெள்ளை. நீலம், மேலே ஒட்டியிருக்கிற தாள். சொல்லத் திறந்த வாயை, மகளின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

பேச்சு நல்லபடியாகவே போனது. ஸ்டோர் கீப்பர் தொண்டையைச் செருமினார். "பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஒரு விஷயம்தான். இந்த வீட்ல எதையும் பிரிக்கக் கூடாது. பிரிக்காத வரைக்கும் பொருள் புதுசு."

"சரிங்க மாமா" என்றாள் மகள், அவர் முடிக்கும் முன்பே.

கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைகள் இருக்கப்போகிற மாடி அறையைப் பார்க்க எல்லோரும் எழுந்தார்கள். ஃபிட்டர் முழங்காலைத் தடவிக் காட்டி, "நீங்க பார்த்துட்டு வாங்க" என்றார். மாடியில் இன்னும் என்னென்ன கவரில் இருக்குமோ என்ற பயம். நல்ல எண்ணத்தில்தான் கீழேயே தங்கினார். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை.

குடித்த டம்ளரை அடுப்படியில் வைக்கப் போனார். ஃப்ரிட்ஜ் கதவின் மேல் மூலையில் தாள் லேசாக எழும்பி, வா என்று விரலசைப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. ஃபிட்டர் நல்ல மனுஷராக அதை அமுக்கிவிட்டார். எழும்பியது. ஈர விரலால் அமுக்கினார். மறுபடி எழும்பியது. கட்டைவிரலால் ஓங்கி அமுக்கி, மகளை நினைத்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் உரிக்கவில்லை, அதுவாக உரிந்தது. இன்றுவரை அவர் அப்படித்தான் சொல்கிறார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

சர்ர்ர்ர்ர்.

சொட்டிக்கொண்டிருந்த குழாய் நின்றது. மாடியில் பேச்சு பாதிச் சொல்லில் அறுந்தது. எல்லோரும் இறங்கி வந்தபோது ஃபிட்டர் ஆளுயரத் தாளைக் கையில் பிடித்தபடி, சட்டை கழற்றிவிட்டு ஓடிய பாம்பைத் தேடுகிறவர்போல் நின்றிருந்தார். நீல அடுப்படியின் நடுவே வெள்ளையாக ஒரு ஃப்ரிட்ஜ்.

"இது யாரோடது?" என்றார் பையனின் அம்மா.

"நம்மளதுதாம்மா" என்றான் பையன்.

"நம்மளது நீலம்டா." கிட்டே வந்து தொட்டுப் பார்த்தார். சுவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியாகத் தன் புடவையைப் பார்த்தார். "அப்போ இத்தனை வருஷமா நான் ஒரு தாளுக்கு மேட்ச்சா குடும்பம் நடத்தியிருக்கேன்."

ஸ்டோர் கீப்பர், ஃபிட்டர் கையிலிருந்த தாளை மெதுவாக வாங்கி, மடங்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகள் "அப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு சொல்லை அவள் எத்தனையோ விதமாகச் சொல்லி அவர் கேட்டிருக்கிறார். இந்த விதத்தைக் கேட்டதில்லை. கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. இனி போய் என்ன, வெள்ளம் வடிந்தபின் அணை.

கதவைத் தட்டி உள்ளே போனார். ஸ்டோர் கீப்பர் கட்டிலில், உறை பிரிக்காத மெத்தைமேல், தாளை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தார். ஃபிட்டரும் பக்கத்தில் உட்கார, மெத்தை சரக்கென்றது.

"தப்பு என்னோடதுங்க. கோவத்தை என்மேல காட்டுங்க. பிள்ளைங்க மேல வேணாம்."

"கோவமெல்லாம் இல்ல." அவர் தாளை உள்ளங்கையால் நீவினார். "சொன்னா சிரிப்பீங்க."

"நானா?"

"தினம் காலையில அது முன்னால போய் நிப்பேன். எங்கயாவது ஒரு காத்துக் குமிழு புதுசா கிளம்பியிருக்கும். உள்ளங்கையால அதை மெதுவாத் தள்ளி, தள்ளி, ஓரத்துக்குக் கொண்டுபோய் பொசுக்குனு வெளிய விட்டுருவேன். அதுக்கப்புறம் அன்னைக்கு யாரு என்ன சொன்னாலும் எனக்கு உறைக்காது. நான் தூசி துடைக்கிறேன்னு அவ நெனச்சுக்கிட்டிருக்கா." கண்ணாடியைக் கழற்றினார். "பிரிக்கக் கூடாது, பிரிக்கக் கூடாதுன்னு கத்துறது பொருளுக்காக இல்ல. இதை எப்படி வெளிய சொல்றது? பேரன் எடுக்கிற வயசுல."

ஃபிட்டர் சிரிக்கவில்லை. எத்தனை வீட்டுப் படியில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறோம் என்று நினைத்தார். அதில் யாரார் காலையில் உள்ளங்கையோடு போய் நின்றார்களோ. தன்னுடைய சபலத்தை அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாக இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொன்னார். நகம், மூலை, மூச்சு, சத்தம், பின்கழுத்து என்று ஒன்றுவிடாமல். ஸ்டோர் கீப்பர் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பின்கழுத்தா? எனக்கு முழங்கையில."

"ஆளுக்கு ஆள் மாறும்போல" என்றார் ஃபிட்டர்.

கதவுக்கு வெளியே நாலு பேர் மூச்சுக்கூட விடாமல் நிற்பது உள்ளே கேட்டது.

"இது இனிமே ஒட்டுமா?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"தண்ணி தடவி ஒட்டுனா ஒட்டும். ஆனா குமிழு வரும்."

"வருமா?"

"அம்மைபோட்ட மாதிரி வரும்."

ஸ்டோர் கீப்பர் முகத்தில் விளக்கு ஏற்றியதுபோல் ஆனது. இருவரும் வெளியே வந்தார்கள். ஒருவர் தண்ணீர் தடவ, இன்னொருவர் தாளைப் பிடிக்க, ஃப்ரிட்ஜ் மறுபடி நீலமானது. கதவெங்கும் குமிழ்கள். ஸ்டோர் கீப்பர் ஒவ்வொன்றாக, ஆட்டுக்குட்டியைப் பட்டிக்கு ஓட்டுவதுபோல், ஓரத்துக்கு ஓட்டி வெளியே விட்டார். கடைசிக் குமிழ் போனதும் இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமல், தணிந்த குரலில் சொன்னார்:

"சம்பந்தி, ஆசையா இருந்தா இன்னொரு தரம் உரிச்சுக்கங்க. நான் திரும்ப ஒட்டிக்கிறேன்."

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். பையன் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான்.

"ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டை" என்றாள் ஃபிட்டரின் மனைவி.

"ஊறட்டும்" என்றார் பையனின் அம்மா. "ஆனா சுவத்துக்கு நான் மறுபடி பெயிண்ட் அடிக்க மாட்டேன்."

கல்யாணம் தடபுடலாக நடந்தது. நடுவில் இரண்டு தகப்பன்மாரையும் காணோமென்று தேடினார்கள். மண்டபத்துக்குப் புதிதாக வந்திறங்கிய கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒருவர் நகத்தோடும் ஒருவர் உள்ளங்கையோடும் நின்றிருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கேயே வந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஃபிட்டர் மகள் வீட்டுக்குப் போகிறார். ஒருவர் உரிக்க ஒருவர் ஒட்ட, இருட்டும்வரை பொழுது போகிறது. அந்தத் தாள் ஒரு தடவைகூடக் கிழிந்ததில்லை.

ஃபிட்டருக்கு இருப்பது இரண்டு பிள்ளைகள். இரண்டும் பையன்கள். நான் இப்போதெல்லாம் டீயை ஆறவைத்துத்தான் குடிக்கிறேன்.