கொடி தூக்கிய சம்பந்தி

1

இந்தக் கதை ஒரு பெரிய சிந்தனையில் பிறந்தது என்று எழுதினால் கம்பீரமாக இருக்கும். பிறந்தது முடிவெட்டும் நாற்காலியில். துர்தி அகாவின் சவரக்கத்தி என் தொண்டைக்குழிக்கு மேல் நின்றிருந்தது. "நீ எழுதுறவன்தானே உகா? அன்னிக்கி இங்க நடந்ததை எழுது" என்றார். அந்த நிலையில் எந்த எழுத்தாளனும் முடியாது என்று சொல்ல மாட்டான். "என் பேரைப் போடாதே" என்று அவர் சேர்த்துக்கொண்டபோது கத்தியை எடுத்துவிட்டிருந்தார். அதனால் போடுகிறேன்.

[அகா என்றால் அண்ணன், உகா என்றால் தம்பி. எங்கள் பக்கம் யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தேநீர்கூடக் கிடைக்காது.]

தொடக்கத்துக்குத்தான் திண்டாடினேன். முதலில் இப்படி எழுதினேன்: "நியாயம் என்றால் என்ன? மனித இனம் தோன்றிய நாள் முதல்…" அந்த நாளில் நான் இல்லை. விட்டுவிட்டேன். அடுத்து: "நடு ஆசியாவின் ஃபெர்கானா பள்ளத்தாக்கின் மீது காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை…" கதிரவன் எல்லா ஊரிலும் அதையேதான் செய்கிறான். அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "துல்போர் மறுபடியும் தோற்றது."

இது நிற்கட்டும். எங்கள் ஊரில் இந்த வாக்கியத்தோடு சண்டைக்கு வர ஆளே இல்லை.

2

துல்போர் எங்கள் கால்பந்துக் குழு. பெயருக்கு அர்த்தம் சிறகுள்ள குதிரை. சட்டையில் அந்தக் குதிரையின் படம் உண்டு. சிறகு பிரமாதமாக இருக்கும், கால்தான் ஓடாது. இந்தப் பருவத்தில் பட்டியலின் அடியில் கிடக்கிறோம். முன்கள ஆட்டக்காரன் குழு நிர்வாகத் தலைவரின் மைத்துனன். பந்து அவனிடம் வந்தால் இரண்டு பேருமே சங்கடப்படுவார்கள்.

[இரண்டு பேர் என்றால் அவனும் பந்தும்.]

எங்கள் ஊரில் எல்லாமே இப்படித்தான். பாலர் பள்ளியில் இடம் வேண்டுமா, மருத்துவமனையில் நல்ல படுக்கை வேண்டுமா, தெரிந்தவர் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். விதிவிலக்கு ஒரே இடம், துர்தி அகாவின் முடிதிருத்தகம். அங்கே வரிசை என்றால் வரிசை. உள்ளே வருகிறவர் "கடைசி யார்?" என்று கேட்பார். கடைசியாக வந்தவர் "நான்தான்" என்பார். அத்தோடு வந்தவருக்கு இடம் உறுதி. அப்புறம் அவர் வெளியே போகலாம், ரொட்டி வாங்கலாம், முன்னால் இருப்பவர் இவருக்கு இடம் காப்பார். நகராட்சித் துணைத்தலைவரே ஒருமுறை முலாம்பழ வியாபாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்த மூலையைப் புது ஆட்களுக்குக் காட்டுவோம். எங்கள் ஊரில் சுற்றிக் காட்ட வேறென்ன இருக்கிறது.

கதை நடந்த சனிக்கிழமை காலை கடையில் நான்கு பேர். துர்தி அகா, வேன் ஓட்டும் ஹைதர், நான், கடைசியாகக் கோபில் அகா. முந்தின நாள் மாலை ஆட்டம். ஆகவே பேச்சு இப்படிப் போனது.

"ஏன் தோத்தோம்னு நான் சொல்றேன்," என்றான் ஹைதர், சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பியபடி. "என் பையனுக்குப் பாலர் பள்ளியில இடம் கேட்டு அலையுறேன். இவன் பட்டாளத்துக்குப் போற வயசுலதான் கூப்பிடுவாங்க. அந்த மைத்துனன் மட்டும் நேரா முன்களத்துக்குப் போறான். இந்த ஊர்ல எவன் வரிசையில வந்தான், சொல்லு?"

"மைத்துனனை விடுடா. அவன் அடிச்சானே ஒரு கோலு! வாழ்க்கையில ஒரே ஒரு கோலு!" கோபில் அகா நெஞ்சில் கை வைத்தார். "அதையும் கொடி தூக்கிக் கெடுத்தான் பாரு, அந்தப் பாவி."

"அந்தப் பாவி உங்க சம்பந்தியாச்சே அகா," என்றார் துர்தி.

ஹைதர் விதையோடு சேர்ந்து இருமினான்.

3

இந்த இடத்தில் சாதிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சாதிர் எங்கள் ஊர்க்காரர். கோட்டு நடுவர். வரவேண்டியவருக்கு வயிற்றுப்போக்கு என்பதால் அன்று சொந்த ஊர் ஆட்டத்துக்கே கொடி பிடித்தார். கடைசி நிமிடங்களில் மைத்துனன் பந்தை வலைக்குள் தள்ளினான். ஊரே எழுந்து ஆடியது. சாதிரின் கொடி உயர்ந்தது: ஆஃப்சைடு, பந்து அவனுக்குத் தட்டப்பட்டபோதே எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்றானாம். கோல் இல்லை. ஆஃப்சைடுதானா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. படம்பிடிக்க வேண்டியவர் அந்த நேரம் பார்த்து சம்சா தின்றுகொண்டிருந்தார்.

சாதிரின் மகள் மூனிஸும் கோபில் அகாவின் மகன் அன்வரும் ஒரே மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர்கள். ஒருவருக்கொருவர் பிடித்துப்போய், இரண்டு வீட்டுப் பெண்களும் பேசி முடித்து, அந்தச் சனிக்கிழமை மதியம் சாதிர் வீட்டில் ரொட்டி பிய்ப்பதாக ஏற்பாடு. இரண்டு அப்பாக்களும் ஒரே ரொட்டியின் இரு ஓரத்தைப் பிடித்துப் பிட்டுவிட்டால் நிச்சயம் முடிந்தது. பிறகு யாரும் பின்வாங்க முடியாது. அதுவரை விஷயம் வெளியே தெரியக்கூடாது.

கோபில் அகா அதைப் பார்வையாளர் மாடத்திலிருந்து ஊருக்கே தெரிவித்தார். கொடி ஏறியதும் எழுந்து நின்று, "யோவ் சம்பந்தி! கண்ணு அவிஞ்சா போச்சு!" என்று கத்தினார். மாடத்தில் தோல்வியை மறந்து எல்லோரும் வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் வரைவில் சாதிரை வில்லனாக்கினேன். அடர்ந்த புருவம், இடுங்கிய கண். துர்தி அகாவிடம் படித்துக் காட்டியபோது, "அவர் புருவத்தை வெட்டுறது நான். அப்படியெல்லாம் இல்லை" என்றார். இரண்டாவது வரைவில் மகானாக்கினேன். "இவரு யாருன்னே தெரியலையே" என்றார். ஆகவே இந்த வரைவில் அவருக்கு முகமே கொடுக்கவில்லை. நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், புருவம் மட்டும் அளவாக இருக்கட்டும்.

4

கதவு திறந்தது. சாதிர் உள்ளே வந்தார்.

[இதற்கு முன் "விதியே கதவைத் திறந்ததுபோல" என்று ஒரு வரி இருந்தது. அது வெறும் கதவு. எண்ணெய் போடாததால் கத்தும்.]

நான் முடிவெட்டிக்கொண்டு எழுந்ததில் நாற்காலி அப்போதுதான் காலியாகியிருந்தது. ஹைதர் எழுந்திருக்கப் போனான். சாதிர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் கை வைத்து வணங்கினார். பிறகு கேட்டார்.

"கடைசி யாருங்க?"

யாரும் வாய் திறக்கவில்லை. பேசிவைத்துக்கொள்ளவும் இல்லை. நேற்று போன கோலை யாரும் மறக்கவில்லை. கடைசி கோபில் அகாதான். "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாதிர் அவருக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். கோபில் அகா கூரையைப் பார்த்தார். ஹைதர் விதையை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டான். நான் எழுத்தாளன், கவனித்துக்கொண்டிருந்தேன்.

"கடைசி யாரும் இல்லையா?" என்று மறுபடி கேட்டார் சாதிர். அமைதி. "அப்ப யாரும் காத்திருக்கலையா? சரி." நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"யோவ்!" என்று குதித்தான் ஹைதர். "நான் இருக்கேனே! அடுத்தது நான்!"

துர்தி அகா சீப்பை உயர்த்தினார். "அவர் கேட்டப்ப எங்கடா போயிருந்த?"

"எங்கயும் போகல, இங்கயேதான் இருந்தேன்."

"அப்ப சொல்லியிருக்கணும். கடைசின்னு ஒருத்தர் இல்லைன்னா வரிசைன்னு ஒண்ணு இல்லை. வரிசை இல்லைன்னா உக்காந்தவருக்கு நாற்காலி. என் கடையில விதின்னா விதி."

"இது அநியாயம் அகா!"

"நியாயம்தாண்டா. உனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்."

வாசகரே, ஒரு மனிதனை ஒதுக்கிவைக்க நாங்கள் வாயை மூடினோம். அந்த மௌனமே அவரைத் தூக்கி முதலிடத்தில் உட்கார வைத்தது. தன் வலைக்குள்ளேயே இப்படி ஒரு கோல் எங்கள் குழுகூட அடித்ததில்லை. சாதிர் தந்திரம் செய்தார் என்று ஹைதர் இன்றும் சொல்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மனிதருக்குக் கேட்ட கேள்வியும் வந்த பதிலும்தான் கணக்கு. நடுவில் நாம் முறைப்பது அவர் கண்ணில் படாது.

5

துர்தி அகா வலது கன்னத்தில் நுரை தடவி மழித்து முடித்தார். இடது கன்னத்துக்கு நுரை குழைத்துக்கொண்டிருந்தபோது, சாதிர் கண்ணாடி வழியாகக் கோபில் அகாவைப் பார்த்தார்.

"கோபில் அகா, மதியம் வர்றீங்கதானே?"

"வரலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டிருக்கேன்," என்றார் கோபில் அகா கூரையிடம். "இந்தப் பரட்டைத் தலையோட நிச்சயத்துக்கு எப்படி வர்றது? என் முறை வர்றதுக்குள்ள மதியம் போயிடும். சிலபேர் திடீர்னு வந்து உக்காந்துக்கிறாங்க."

சாதிர் எழுந்தார். கழுத்துத் துணியைக் கழற்றினார். ஒரு கன்னம் பளபளவென்று, மறு கன்னம் முள்ளும் புதருமாக.

"வாங்க, உக்காருங்க. வர்ற விருந்தாளி நல்லா இருந்தா போதும். வீட்டுக்காரன் எப்படி இருந்தா என்ன."

"அப்ப நான்?" என்றான் ஹைதர்.

"எழுந்தவர் தன் இடத்தை யாருக்கு வேணா கொடுக்கலாம்," என்றார் துர்தி அகா. ஹைதர் தலையில் அடித்துக்கொண்டான். அன்று நியாயம் அவனை மட்டும் குறிவைத்து அடித்தது.

கோபில் அகா நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "பாதி மூஞ்சியோட போறீங்களே… இருங்க. ஒண்ணே ஒண்ணு. உண்மையைச் சொல்லுங்க. நேத்து அது ஆஃப்சைடா?"

துர்தி அகா கத்தரிக்கோலை நிறுத்தினார். ஹைதர் கடிப்பதை நிறுத்தினான்.

6

இங்கே மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "இல்லை அகா, தப்பு என்னுடையது" என்கிறார் சாதிர். இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். துர்தி அகா நுரைக் கிண்ணத்துக்குள் கண்ணீர் விடுகிறார். எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. தொலைக்காட்சிக்காரர்களுக்கு வேண்டுமானால் தருகிறேன்.

இரண்டு: "வெயில் கண்ணில் அடித்தது, எனக்கே சரியாகத் தெரியவில்லை." இது புத்திசாலித்தனமான பதில். யாருக்கும் நோகாது. ஆனால் ஆட்டம் நடந்தது மேகமூட்டமான மாலை.

மூன்றாவது நடந்தது. சாதிர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "ஆஃப்சைடுதான்," என்றார். "மதியம் சீக்கிரம் வாங்க, சோறு ஆறிடும்." போய்விட்டார்.

"பாத்தியா!" என்று நாற்காலியில் துள்ளினார் கோபில் அகா. காது தப்பியது துர்தி அகாவின் கைத்திறமையால். "நாற்காலியைக் கொடுப்பானாம், கோலைக் கொடுக்க மாட்டானாம்!"

எனக்கு அந்த நிமிடம்தான் சாதிரைப் பிடித்துப்போனது. எங்கள் ஊரில் எல்லோரும் சம்பந்திக்காக எதையாவது வளைக்கிறவர்கள். இவர் தன் கன்னத்தைக் கொடுத்தார், கொடியைக் கொடுக்கவில்லை. ஆனால் கோபில் அகாவையும் என்னால் வெறுக்க முடியவில்லை. கூட்டம் கூடாத மழைநாளிலும் தனியாக நின்று கைதட்டியவர் அவர். அவருக்கு அந்த ஒரு கோல் வேண்டியிருந்தது.

7

மதியம் நானும் போனேன், மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில். விரித்த துணியின் மேல் பாதாம், உலர்திராட்சை, புலாவ். நடுவில் சூடான ரொட்டி. சாதிர் பாதி மழித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவியின் பார்வையில் மிச்சப் பாதி எரிந்துகொண்டிருந்தது. அடுத்த அறையில் திரைக்குப் பின்னால் மூனிஸ். ரொட்டி பிய்க்கும்போது பெண் வெளியே வருவதில்லை.

இரண்டு அப்பாக்களும் ரொட்டியின் இரு ஓரத்தைப் பிடித்தார்கள். அன்வர் நகத்தைக் கடித்தான்.

கோபில் அகா பிய்க்கவில்லை. "கடைசியா ஒரு தடவை கேக்குறேன்," என்றார். "பாதி அடிதானே முன்னால இருந்தான்? பாதி அடிக்குக் கொடி தூக்கணுமா? ஊரு பாத்துட்டிருக்கு. ஒரு வார்த்தை சொல்லுங்க, தப்பாயிடுச்சுன்னு. நான் கடைத்தெருவுல தலைநிமிர்ந்து நடக்கணும்."

"சொல்ல முடியாது அகா. அது ஆஃப்சைடு."

"அப்ப நான் எப்படிப் பிக்கிறது?"

"நீங்க பிக்கலைன்னாலும் அது ஆஃப்சைடுதான்."

[இந்த இடத்தை இத்துடன் முடிக்கலாம் என்றிருந்தேன். இரண்டு கைகள், ஒரு ரொட்டி, இலக்கியமாக இருந்தது. ஆனால் முடியவில்லை.]

ஏனென்றால் துர்தி அகாவின் கடையில் இந்தக் கதையின் முடிவுக்கு இப்போது பந்தயமே கட்டுகிறார்கள். ரொட்டி பிட்டார்கள் என்றால் கொடி சரி, பிய்க்கவில்லை என்றால் அது கோல். படம் இல்லாத ஆட்டத்துக்கு ஒரு பெண்ணின் கல்யாணத்தை மறு ஒளிபரப்பாகப் பார்க்கிறார்கள். இதை நினைத்தால் எனக்குக் கோபமாக வருகிறது. இத்தனை நேரம் நியாயம் நியாயம் என்று பேசினோமே, எத்தனை வரியில் அவள் வந்தாள், நீங்களே திரும்பிப் பாருங்கள்.

திரை விலகியது. மூனிஸ் வெளியே வந்தாள். அவள் அம்மா "ஐயையோ" என்றாள். மூனிஸ் துணியின் ஓரத்தில், இரண்டு அப்பாக்களுக்கும் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் பந்தைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க," என்றாள். "எனக்குப் பசிக்குது."

ரொட்டியை நோக்கிக் கையை நீட்டினாள்.

பெண் இப்படிச் செய்யலாமா கூடாதா என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை. விதி தெரிந்த சாதிருக்கும் தெரியவில்லை. சத்தம் போடத் தெரிந்த கோபில் அகாவுக்கும் தெரியவில்லை. இருவரும் ரொட்டியை விடாமல், முதன்முறையாக ஒருவரை ஒருவர் முறைக்காமல், அவளைப் பார்த்தார்கள்.

அடுத்து என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன், சொன்னால் அதையும் ஆட்டத்தின் முடிவாக எழுதிக்கொள்வார்கள். நீங்கள் அந்த அறையில் ரொட்டியின் ஓர் ஓரத்தைப் பிடித்திருந்தால் என்ன செய்திருப்பீர்களோ, அதை அவளிடமே சொல்லுங்கள். கை நீட்டியபடி இருக்கிறாள்.