குடை பிடித்தவன்

பார்ஜோவின் படகு கவிழ்ந்த அன்று மாலையே, லஸ்மினியின் கடை வாசலில் தொங்கிய அச்சுப்படத்தை யாரோ கிழித்துப் போட்டிருந்தார்கள்.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். கடலில் போனவர்களைத் தன் சேவகத்துக்கு எடுத்துக்கொள்வாள் என்று ஊரே நம்பும் தென்கடல் அரசியின் சபை அது. அரண்மனைப் பழஞ்சுவடிகளில் இருப்பதுபோல் எல்லோருக்கும் பக்கவாட்டு முகம், கத்திபோல் மூக்கு, ஒடிந்துவிடும் தோள்கள். அரசிக்குப் பின்னால் குடை பிடித்து நின்றவனுக்கு மட்டும் சப்பை மூக்கு, உடைந்த முன்பல். பார்ஜோவைத் தெரிந்த யாரும் அவனை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

உயிரோடிருப்பவர் முகத்தை அரசியின் சபையில் வைக்கக் கூடாது. தெப்போக் கடற்கரையில் அரசியின் நிறமான பச்சையில் சட்டை போடக் கூடாது என்பதைப்போல இதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். லஸ்மினிக்கும் தெரியும். ஆனால் மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாத ஒரு நாள், பார்ஜோ அவள் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு வம்பிழுத்தான்.

"ஏன்க்கா, உங்க அரண்மனையில என் மூக்குக்கு ஒரு வேலை கிடைக்காதா?"

"குடை வேணா பிடி."

"சம்பளம்?"

"தினமும் மீனும் சோறும்."

"அதுதான் வீட்டுலயே சலிச்சுப் போச்சே!"

சிரித்த சிரிப்பிலேயே அச்சுப்பலகையில் அவனைச் செதுக்கிவிட்டாள்.

படகில் போன மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். பார்ஜோவைக் கடல் திருப்பித் தரவில்லை. மீன் விற்கும் பொனீரா, லஸ்மினியின் காதில் விழும்படியே சொன்னாள்: "ஆளை வரைஞ்சு கொடுத்தா, அவ வேண்டாம்னா சொல்லுவா?"

ஏழாம் நாள் காலையில் பார்ஜோவின் மனைவி முஜியெம் வந்தாள். பாவாடை ஓரமெல்லாம் ஈரமணல். விடியும்போதே கரையோரம் தேடிப் போய்விட்டு வருகிறாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று லஸ்மினி எழுந்து நின்றாள்.

"அக்கா, அவரை அங்கேருந்து எடுத்துடுங்க."

"முஜி..."

"சாயங்காலம் அவருக்காக யாசீன் ஓதுறாங்க. இங்க நாங்க ஓதிக்கிட்டிருக்க, அங்க அவர் குடை பிடிச்சுக்கிட்டு நின்னா, அது எப்படிக்கா அவருக்குப் போய்ச் சேரும்?"

அது வெறும் மரப்பலகைதான் என்று சொல்லியிருக்கலாம். பள்ளிவாசல் மோதினார்கூட அப்படித்தான் சொல்வார். ஆனால் முஜியெமின் முகத்தைப் பார்த்தபின் லஸ்மினி உளியைத் தேடி எடுத்தாள். பலகையை எடுத்து வைத்தாள்.

இந்த வேலையில் எடுக்கத்தான் முடியும், திரும்ப வைக்க முடியாது. உளி பட்ட இடத்தில் மை ஒட்டாது. மூக்கு போயிற்று. பல் போயிற்று. குடை பிடித்த கையும் தோளும் கால்களும் போயின. பலகை நகராமல் முஜியெம் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மரச்சீவல்கள் அவள் மடியில் விழுந்தன. அவள் தட்டிவிடவில்லை.

லஸ்மினி மை தடவி, தாளை விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்தாள். தாளை உரித்து எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கருங்கடலின் நடுவே, ஆள் வடிவில் ஒரு வெள்ளை. முன்பு அவனைக் கூட்டத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்போதோ, அரசியைக்கூட விட்டுவிட்டுக் கண் அவனிடம்தான் போயிற்று.

"தப்பாப் போச்சு முஜி. பலகையையே உடைச்சிடுறேன்."

முஜியெம் ஈர மையில் படாமல், அந்த வெள்ளையின் தலையிலிருந்து கால்வரை விரலைக் கொண்டுபோனாள்.

"கஃபன் துணி போர்த்தியிருக்கு" என்றாள்.

லஸ்மினி அவளையே பார்த்தாள்.

"துணி எடுத்து வச்சிருக்கேன்க்கா. கரை ஒதுங்கினா குளிப்பாட்டிச் சுத்தணுமேன்னு. பீரோவுல மடிச்சபடியே கிடக்கு. சுத்துறதுக்கு ஆளு வரலையே..."

இத்தனை நாளும் அழாதவள் அப்போதுதான் அழுதாள். லஸ்மினி மை படிந்த கையாலேயே அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஓதும் வீட்டுக்குப் போன லஸ்மினி, சமையற்கட்டு வாசலைத் தாண்டத் தயங்கினாள். அடுப்படியில் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்த பொனீரா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.

"நின்னுக்கிட்டே இருந்தா யாரு எடுக்குறது? கருகுது பாரு."

லஸ்மினி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அச்சுப்படத்தை முஜியெம் அந்த வெள்ளைத் துணி மடிப்புக்குள்ளேயே வைத்துவிட்டாள். உருவப்படங்கள் மோதினாருக்குப் பிடிக்காது. விஷயம் தெரிந்தும் அவர் கேட்கவில்லை. ஓதி முடித்துக் கேட்ட துஆவில் பார்ஜோவின் பெயர் வந்தபோது மட்டும் ஒருகணம் நிறுத்தி, இன்னொரு தடவை சொன்னார்.

அந்தப் பலகையில் லஸ்மினி பிறகு மை தடவவில்லை. உடல் கடைசிவரை கரைக்கு வரவில்லை.