பதிவேட்டில் சிவப்புக் கோடு

எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் யார் சேர்ந்தார்கள், யார் பாதியில் நின்றார்கள் என்பதெல்லாம் என்னைக் கேட்டால்தான் தெரியும். பதிவேடு என் கையில். பன்னிரண்டு வருடமாக அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு.

புதன்கிழமை தேர்வு. முந்தின வெள்ளிக்கிழமை ஹால் டிக்கெட்டுகள் வந்தன; கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கு மட்டும் வரவில்லை. தேர்வு எழுத வேண்டுமென்றால் பயிற்சிக்காகப் பள்ளிக்கூடத்தில் அறுபது நாள் பாடம் நடத்தியிருக்க வேண்டும். அவள் பெயரில் பூஜ்யம் என்றது கம்ப்யூட்டர்.

“அறுபது நாளும் முடிச்சிட்டுத்தான்க்கா பிரசவத்துக்கே போனேன்.”

பதிவேட்டைப் புரட்டினேன். தூக்கிவாரிப் போட்டது. அவள் லீவில் போனதும் பெயரைச் சிவப்பில் அடித்து ‘நின்றவர்’ என்று எழுதியிருக்கிறேன். திரும்பி வந்ததும் அடுத்த பேட்சில் புது எண் கொடுத்திருக்கிறேன். அறுபது நாளும் பழைய எண்ணோடு போய்விட்டது.

முதல்வர் கையை விரித்தார். “அடுத்த வருஷம் மறுபடி அறுபது நாள் செய்யட்டும்.”

“இன்னொரு வருஷம் என்னால முடியாதுக்கா. விட்டுடறேன்,” என்று அவள் பையை எடுத்தாள்.

எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. “உட்காரு. எங்கயும் போகக் கூடாது,” என்று அதட்டிவிட்டு, அவள் பாடம் நடத்திய பள்ளிக்கு பஸ் பிடித்தேன். தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டை எடுத்துத் தந்தார். அறுபது கையெழுத்தும் இருந்தன. கடைசி வாரம் நிற்க முடியாமல் நாற்காலி போட்டுக்கொண்டு நடத்தினாளாம்.

நகலோடு முதல்வர் முன்னால் போய் நின்றேன்.

“எண் வேறயா இருக்கேம்மா.”

“ஆள் ஒண்ணுதானே சார்? எண்ணை மாத்தினது நான். என் தப்புன்னு எழுதிக் கொடுத்திருக்கேன், பாருங்க.”

“உனக்கு மெமோ வரும்.”

“வரட்டும் சார். நீங்க கையெழுத்துப் போடுங்க.”

செவ்வாய்க்கிழமை மதியம் ஹால் டிக்கெட் வந்தது. கூடவே எனக்கு மெமோவும் வந்தது.

அதோடு விட மனம் வரவில்லை. பழைய பதிவேடுகளை அலமாரியிலிருந்து இறக்கினேன். மொத்தம் பதினேழு சிவப்புக் கோடுகள். ஒருத்தரையும் விடாமல் விசாரிப்பது என்று முதல் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

“ஏம்மா பாதியில நின்னுட்டே?”

“நான் எங்கக்கா நின்னேன்? அம்மாவுக்கு உடம்பு தேறினதும் வந்தேனே. பேரை அடிச்சாச்சு, இனிமே சேர்க்க முடியாதுன்னு நீங்கதானே திருப்பி அனுப்பினீங்க.”

எனக்கு அவள் முகம்கூட நினைவில் இல்லை. வெட்கமாக இருந்தது.

“நாளைக்கே கிளம்பி வாம்மா,” என்றேன். “இந்தத் தடவை யார் போகச் சொன்னாலும் போகாதே. நானே சொன்னாலும் போகாதே.”