பெயர் சொல்லாமல் போட்ட அரிசி

மூத்தாரோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் அந்த மலையில் எந்த மருமகளுக்கும் இல்லை. ஓரகத்தியோடு பேசத் தடையில்லை; ஆனால் லச்சிமாவுக்கும் தேபுலிக்கும் பேச்சு நின்று பல வருஷமாகிறது. ஆகவே சம்பாவத் போகும் வழி நெடுக மூன்று பேருடைய பேச்சும் ஜீப் ஓட்டிய பூரன் வழியாகத்தான் போய் வந்தது.

"பூரன், தேங்காய் எடுத்து வெச்சாச்சான்னு கேளு," என்றார் முன்சீட்டில் இருந்த கரக் சிங். அவர்தான் மூத்தார், தேபுலியின் புருஷன்.

லச்சிமா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "வெச்சாச்சுன்னு சொல்லு பூரன்."

"பூரன்," என்றாள் தேபுலி, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "முத்தின தேங்காயான்னும் கேளு. போன தடவை தீபாவளிக்கு யாரோ அழுகல் தேங்காய் வாங்கினாங்களாம்."

"பெரியம்மா, எல்லாருக்கும் காது நல்லா கேக்குது. நான் வண்டி ஓட்டறேனா, தபால் ஆபீஸ் நடத்தறேனா?"

யாரும் சிரிக்கவில்லை. பூரன் தானே சிரித்துக்கொண்டு கியரை மாற்றினான். தேவதாரு மரங்களுக்கு இடையில் பனி இன்னும் கலையவில்லை.

லச்சிமாவின் மகள் நீமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா இல்லாத பெண். பெரியப்பாவும் பெரியம்மாவும் ஜோடியாக உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். ஆனால் இந்த வீட்டுத் தண்ணீரை அந்த வீட்டார் குடிப்பதில்லை, அந்த வீட்டுத் தண்ணீரை இந்த வீட்டார் குடிப்பதில்லை. நடுவில் நியாயம் தீர்க்கும் கோலு தேவதை நிற்கிறது.

காரணம் ஒரு நத்து. லச்சிமா மணப்பெண்ணாகப் போட்டுக்கொண்டு வந்த, உள்ளங்கை அகலத் தங்க நத்து. புருஷன் செத்த அன்று அதை அவள் மூக்கிலிருந்து கழற்றிப் பித்தளைச் செம்பில் போட்டு மூடியவள் தேபுலி. வீட்டுக்கு மூத்தவள் செய்ய வேண்டிய காரியம், செய்தாள். காரியமெல்லாம் முடிந்து அந்தச் செம்பைத் திறந்து பார்த்தால் நத்து இல்லை. லச்சிமா ஒரு பிடி அரிசியை எடுத்துக்கொண்டு கோலுவின் கோயிலுக்குப் போனாள். "எடுத்தவங்களை நீயே பார்த்துக்கோ" என்று வாசலில் வீசிவிட்டு வந்தாள். பெயர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மழைக்காலத்தில் தேபுலியின் எருமை சரிவில் உருண்டு செத்தது. ஊர் தானாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டது.

அப்படி முறையிட்டுப் போட்ட அரிசியைப் போட்டவளே திரும்ப எடுத்தால்தான் இரண்டு வீடும் ஒன்றாகச் சாப்பிட முடியும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

சம்பாவத்துக்கு வந்துவிட்டு முதலில் பாலேஷ்வருக்குத் தண்ணீர் ஊற்றாமல் வேறெங்கும் போக கரக் சிங் சம்மதிக்க மாட்டார். கடைத்தெருவை ஒட்டிய கோயில். சுவர் முழுக்கக் கல் பெண்கள். பாதிப் பேருக்குக் கையில்லை. கரக் சிங் உள்ளே போக, தேபுலி ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று, அதில் இருந்த மூக்கு உடைந்த ஒருத்தியைப் பார்த்துப் பேசினாள்.

"அங்க போய் இவ என்ன சொல்லப் போறான்னு எனக்கு இப்பவே தெரியணும். 'என் அக்கா எடுக்கலை'ன்னு கோலு முன்னால சொல்லணும். சொன்னா கல்யாணத்துக்கு வருவேன். சும்மா அரிசியைப் பொறுக்கி முந்தானையில முடிஞ்சுக்கறதா இருந்தா, நான் இப்படியே திரும்பிடுவேன்."

லச்சிமா செம்புத் தண்ணீரோடு நின்றாள். இரண்டு அடி தூரம்தான். ஆனால் பதில் சொல்ல இடையில் ஆளில்லை. பூரன் ஜீப்பில் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

அக்கா எடுத்தாளா, எடுக்கவில்லையா? அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் எடுத்தாள் என்று தோன்றும், மறுநாள் சேச்சே என்று தோன்றும். பாலேஷ்வர் எதையும் பொறுத்துக்கொள்வார். கோலு அப்படியில்லை. அது நீதி சொல்லும் தெய்வம். தெரியாததைத் தெரியும் என்று அதன் முன்னால் சொன்னால், திருடினவனை விட்டுவிட்டுச் சொன்னவளைப் பிடிக்கும். சொல்லாவிட்டால் நீமாவின் மணையில் பெரியம்மா இருக்க மாட்டாள். மாப்பிள்ளை வீட்டார் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்வதற்கு ஊரில் நிறைய வாய் இருக்கிறது.

தண்ணீரை லிங்கத்தின் மேல் ஊற்றினாள். வேண்டுதல் ஒன்றும் வரவில்லை.

கோலுவின் கோயில் ஊருக்குச் சற்று வெளியே, புல்வெளி ஓரத்தில். கம்பிக்குக் கம்பி மணிகள், மணிக்கு மணி கட்டிய மனுக்கள். பூசாரி கம்பளித் தொப்பியும் மூக்குக்கண்ணாடியுமாக இருந்தார். மகன் கடையிலிருந்து டீ வரவில்லை என்ற எரிச்சலில் இருந்தார்.

"யாரு போட்டது?"

"நான்," என்றாள் லச்சிமா.

"யார் மேல?"

"யார் மேலயும் இல்லை. எடுத்தவங்க மேல."

"பேர்?"

"பேர் சொல்லலை."

பூசாரி கண்ணாடிக்கு மேலாகத் தேபுலியைப் பார்த்தார். "அப்புறம் இந்த அம்மாவை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?"

மணிகள் காற்றில் லேசாகத் தட்டிக்கொண்டன.

"கேளுங்க," என்றாள் தேபுலி. "நல்லாக் கேளுங்க. இத்தனை வருஷம் இதைக் கேக்க ஒரு ஆளில்லை."

"எதிராளி இல்லாத வழக்குக்கு எதிராளியைக் கூட்டிட்டு வந்திருக்கியேம்மா. பேர் சொல்லலைன்னா போட்டவ தனியா வந்து எடுத்துட்டுப் போகலாம். இவங்க வீட்டுல தண்ணி குடிக்கறதை யாரு நிறுத்தினது?"

கரக் சிங் தொண்டையைச் செருமினார்.

லச்சிமாவுக்கு அந்த நாள் நினைவு வந்தது. எருமை செத்த மறுநாள் அவள் போய்த் தேபுலி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அக்கா மோர் கொண்டுவந்து நீட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அவ்வளவுதான்.

"நான்தான் நிறுத்தினேன்," என்றாள்.

"அதுல பேர் சொல்லிட்டே," என்றார் பூசாரி. "சரி, இப்ப என்ன சொல்றே? சீக்கிரம் சொல்லு."

லச்சிமா முக்காட்டை நெற்றிக்கு மேல் தள்ளினாள். மூத்தார் நிற்கிறார் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

"அக்கா எடுக்கலைன்னு என்னால சொல்ல முடியாது. எடுத்தாங்கன்னும் சொல்ல முடியாது. நான் பார்க்கலை. பார்க்காமலே மோர் வேண்டாம்னு எழுந்து வந்தேன். அது என் தப்பு. நத்து போனது போகட்டும். எடுத்தவங்க யாரா இருந்தாலும் விட்டுடு."

பூசாரி ஒரு பிடி அரிசியை அவள் கையில் போட்டார். தேங்காயை உடைத்தார். நல்ல தேங்காய்தான்.

தேபுலி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தாள். தான் கேட்டது கிடைக்கவில்லை என்பது அவள் நடையில் தெரிந்தது. லச்சிமா பின்னால் போனாள். கல்யாணம் போயிற்று என்றே நினைத்தாள்.

ஜீப் நின்ற இடத்தில் டீக்கடை. அவர்கள் ஊர்க்காரர்களே ஏழெட்டுப் பேர், திரும்பும் வண்டிக்காகக் காத்திருந்தவர்கள், பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தேபுலி டீ வாங்கி நின்றபடியே பாதி குடித்தாள். பிறகு எச்சில் கிளாஸை அப்படியே லச்சிமாவின் முன்னால் நீட்டினாள். பெஞ்சில் பேச்சு நின்றது.

லச்சிமா வாங்கிக் குடித்தாள். கடைசிச் சொட்டு வரை.

"இஞ்சி ஜாஸ்தி," என்றாள்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்றாள் தேபுலி. பல வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை. "இந்தா பாரு. கல்யாணத்துக்கு வர்றேன். உன் வார்த்தைக்காக இல்லை, அந்தப் பொண்ணுக்காக. ஆனா நான் உன் வீட்டுக்குள்ள கால் வைக்கும்போது பெட்டி, அலமாரி எல்லாம் பூட்டியிருக்கணும்."

"எதுக்குக்கா? பூட்ட மாட்டேன்."

"அப்ப வர மாட்டேன். நாளைக்கு ஒரு கரண்டி காணாமப் போனாலும் என் எருமை செத்ததைத்தான் இழுப்பாங்க."

கரக் சிங் பொறுமை இழந்தார். "பூரன், பூட்டறேன்னு சொல்லச் சொல்லு. கிளம்பணும்."

"சித்தி, பூட்டறேன்னு சொல்லுங்க," என்றான் பூரன்.

லச்சிமா காலி கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டுவதும் மோரைத் தள்ளினதும் ஒன்றுதான். பூட்டாவிட்டால் மணையில் பெரியம்மா இல்லை.

"பூட்டறேன்கா."

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையும்."

"சாவி உன் இடுப்புல இருக்கணும். எல்லாரும் பார்க்கற மாதிரி."

"சரிக்கா."

தேபுலி ஜீப்பில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கொஞ்சம் நகர்ந்தும் கொடுத்தாள்.