பச்சை மெஷின்

மணமுறிவுக்குக் கையெழுத்துப் போட்ட மறுநாள், சியோல் நகரத்து ஷூ பட்டறையில் தன் பங்கை எடுக்க கில்வோன் வந்தான். தோல் தைக்கும் பழைய மெஷின்கள் இரண்டு இருந்தன. ஒன்றுக்குப் போன வருடம்தான் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். மற்றது உரிந்து கறுத்திருந்தது. இருபது வருடமாக இரண்டுக்கும் எண்ணெய் விட்டுப் பழுதுபார்த்தவள் அவன் மனைவியாக இருந்த, மகன் உஜினின் அம்மா மியோங்சுக்.

"உஜின் அப்பா, பச்சை வேணாம். உள்ள நூலைப் பிடிக்கிற கொக்கி தேஞ்சிருக்கு. கனமான தோல்ல தையல் விட்டுவிட்டுப் போகும். கறுப்பைக் கொண்டுபோங்க."

"நல்லதை நீ அமுக்கிக்கலாம்னு பார்க்கிற. யார்கிட்ட கதை விடுற?"

பச்சையைத்தான் வண்டியில் ஏற்றினான்.

குளிர்காலத்தில் பூட்ஸ் ஆர்டர் வந்ததும் போன் செய்தான். "தையல் விட்டுப்போகுது, உஜின் அம்மா. கொஞ்சம் வந்து பாரேன்."

அவள் போனாள். அவன் விளக்கைப் பிடித்துக்கொள்ள, கொக்கியை ஊசிக்கு மயிரிழை நெருக்கமாக நகர்த்தி முடுக்கினாள். தடித்த தோலிலும் தையல் சீராக விழுந்தது.

"கொஞ்ச நாள் தாங்கும். வேற கொக்கி தேடி வாங்கிடுங்க."

கில்வோன் தையலைத் தடவிப் பார்த்தான். "இவ்வளவு சுலபமா சரியாகுதுன்னா, அன்னைக்கு நீயேதான் லூஸ் பண்ணி அனுப்பியிருக்க."

மியோங்சுக் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டு வெளியே வந்தாள். மாதக் கடைசியில் அவன் மறுபடி கூப்பிட்டபோது அவள் போனை எடுக்கவில்லை.