மூன்று கால் எழுத்து

கண்ணாடி டாக்டரின் கடையிலிருந்து முதலில் வெளியேறிய எழுத்து எறும்பு அளவுதான் இருந்தது. சுவரில் தொங்கிய பார்வைப் பலகையின் கடைசி வரியிலிருந்து இறங்கி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரின் பின்னாலேயே சாலையைக் கடந்து, அவர் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்க்கும் அளவுக்குக் கண்டக்டருக்குப் பார்வை இல்லை. அவர் மனைவி பூச்சி என்று நினைத்து இரண்டு மூன்று முறை துடைத்துப் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று விட்டுவிட்டார்.

கண்ணாடி டாக்டர் உண்மையில் டாக்டர் அல்ல. கண்ணைப் பரிசோதித்துப் பவர் எழுதிக் கொடுக்கப் படித்தவர். டாக்டர் என்று கூப்பிட்டவர்களை ஆரம்பத்தில் திருத்தினார், பிறகு அந்தச் சிரமத்தையும் விட்டுவிட்டார். கடை திறந்த அன்று 'அரசுக் காப்பீட்டு அட்டை ஏற்கப்படும்' என்று வாசலில் எழுதிப் போட்டார். மனதாரத்தான் போட்டார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அரசாங்கப் பணம் ஆடி அசைந்துதான் வந்தது. அட்டையோடு வருகிறவர்களோ அந்த வட்டாரத்தில் வேறு போக்கிடம் இல்லாமல் வரிசையாக வந்தார்கள். முடியாது என்று சொன்னால் மேலே புகார் போகும். எனவே அட்டைக்காரர்கள் விரல் ரேகை வைக்கும் மெஷின் ரிப்பேர், அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லத் தொடங்கினார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. வரவேற்பு மேசைப் பெண் அதன் மேல் டீ கிளாஸ் வைக்கப் பழகியிருந்தார். டாக்டருக்கு மனசு உறுத்தாமல் இல்லை. செருப்புக்குள் புகுந்த மணலைப் போல முதலில் உறுத்தியது, நடக்க நடக்கப் பழகிவிட்டது.

அதன் பிறகு அட்டையோடு வந்து திரும்பிய ஒவ்வொருவர் பின்னாலும் ஓர் எழுத்து இறங்கிப் போனது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று செய்த பலகை அது. எல்லாமே ஒரே வடிவம், ஒரு முதுகு, மூன்று கால். கால் எந்தப் பக்கம் என்று பார்ப்பவர் கையால் காட்ட வேண்டும். அந்தக் கால்களே இப்போது நடந்தன. வாட்ச்மேன் வீட்டுக் கதவில் ஒன்று, சலவைக்காரர் சுவரில் ஒன்று, தனியாக இருக்கும் கணக்கு வாத்தியாரின் தலைமாட்டில் ஒன்று. ஊர் நாலு நாள் பேசியது, ஐந்தாம் நாள் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. வெள்ளையடிக்க வந்தவர்கள் எழுத்தைச் சுற்றி ஒதுக்கி அடித்தார்கள். டாக்டர் காதும் காதும் வைத்தாற்போலப் புதுப் பலகை வாங்கி மாட்டினார். அதிலும் ஒரு மாதத்துக்குள் மேல் வரியின் பெரிய எழுத்து ஒன்றுதான் மிஞ்சியது.

வரவேற்புப் பெண் லீவு போட்ட ஒரு நாள் போன் அடித்தது. டாக்டரே எடுத்தார். காப்பீட்டு அட்டைக்குக் கண் பார்ப்பீர்களா என்று ஒரு பெண் கேட்டார். ஒரு கையால் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, மெஷின் ரிப்பேர், அடுத்த மாதம் பாருங்கள் என்றார் இவர். "சரிங்க" என்று சொல்லி அந்தக் குரல் வைத்துவிட்டது. பெரிய எழுத்து பலகையிலிருந்து இறங்கி, இறங்க இறங்க வளர்ந்து, வாசலில் இடித்துக்கொண்டு, ஒருக்களித்து வெளியே போனது. டாக்டர் லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் சுவர்க் காலண்டரின் தேதிகளைக் காட்டித்தான் பவர் பார்த்தார்.

அவருக்கு ஓர் அக்கா உண்டு. சட்டைக் கம்பெனியில் காஜா எடுக்கும் வேலை, அதாவது பொத்தானுக்குத் துளை தைப்பது. தம்பியைப் படிக்க வைத்தது அந்தத் துளைகள்தான். அதை அக்கா ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒருவேளை தம்பிக்கு ஞாபகம் இருந்திருக்கும். கண் மங்கி ஊசி விரலில் ஏறியதால் அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று அடுத்த வருடம் யாரோ சொல்ல, டாக்டர் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். மூன்றாம் மாடியில், அக்கா வீட்டு வாசலில், கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பெஞ்சு உயரத்தில் அந்தப் பெரிய எழுத்து நின்றிருந்தது. தன் கடை எழுத்து அவருக்குத் தெரியாதா? அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

அக்காவுக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி இடது கண் முழுதாகப் போயிருந்தது. வலது கண்ணில் பாதி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள்: போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், போன வருடமே வந்திருந்தால் இரண்டும் தப்பியிருக்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊர் சும்மாவா சொல்லி வைத்தது.

"ஏன்க்கா என்கிட்ட வரல?"

"போன் பண்ணேனே. நீதான எடுத்தே."

டாக்டருக்கு அந்த "சரிங்க" ஞாபகம் வந்தது.

"நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா எனக்கு மட்டும் பாப்பே. கம்பெனில எங்க தையல் லைன்ல எல்லாருக்கும் கண்ணு மங்கல்டா. தம்பி கடை இருக்கு, அட்டைக்குப் பாப்பான்னு அவங்ககிட்ட சொல்லி வச்சிருந்தேன். அதான் அட்டைக்காரியாவே கேட்டுப் பாத்தேன்."

"அப்புறம் அவங்ககிட்ட என்ன சொன்னே?"

"மெஷின் ரிப்பேருன்னு சொன்னேன். நீ பொய் சொல்வியா?"

மறுநாள் டாக்டரே டீக்கறையைத் துடைத்து மெஷினை மேசை நடுவில் வைத்தார். முதலில் அக்காவின் லைன் மொத்தமும் வந்தது. போன எழுத்துகள் மட்டும் திரும்பவில்லை. புதுப் பலகைகளும் மாட்டிய கையோடு வெறுமையாயின. ஆகவே எழுத்து இருக்கும் இடத்துக்கு அவரே போனார். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு லென்ஸ் பெட்டியோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். கண்டக்டர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதன்முதலாகப் பார்த்தது தன் ஜன்னலில் இருந்த அந்த எறும்பைத்தான்.

தினமும் காலையில் அக்காவுக்கு மருந்து விடப் போகிறார். வாசல் எழுத்து யார் நகர்த்தியும் நகரவில்லை. அக்கா அதில் துண்டு காயப் போடுகிறார். அக்கா வாசற்படியில் உட்கார, டாக்டர் வெகுநாள் அதைத் தொடாமல், நின்றபடியே மருந்து விட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் சொட்டு கன்னத்தில் விழவும் அக்கா துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நின்னா உனக்குக் கை நடுங்குது. துண்டை எடுத்துட்டு அதுல உக்காரு."

உட்கார்ந்தார். எழுத்து ஆடாமல் தாங்கியது.