இரண்டாம் கிளாரினெட்

அப்துல் வஹீதுக்கு அசதி ஐம்பத்தெட்டு வயதில் திடீரென்று வந்ததல்ல. போலீஸ் பேண்டில் இருபத்தொன்பது வருஷம் வெயிலில் நின்று கிளாரினெட் ஊதியவர் அவர். அணிவகுப்பில் மற்றவன் மயங்கி விழுந்தால் தூக்கிக்கொண்டுபோய்ச் சோடா கொடுப்பார்கள். பேண்டுக்காரன் விழக்கூடாது, விழுந்தால் தாளம் கெட்டுவிடும். அப்படி விழாமலே நின்று முடித்து, ஓய்வு பெற்று, கோட்டைமேட்டு வீட்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அத்தனை வருஷத்து அசதியும் மொத்தமாக வந்து காலைக் கட்டிக்கொண்டது.

உட்கார்ந்தவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஆறு மாதம் இருந்தும் பார்த்தார். சோறு இறங்கவில்லை. குழம்பில் உப்பு கூட, தண்ணீர்க் குழாயில் சத்தம், பக்கத்து வீட்டு யாகூப் இருமுவது அதிகம் என்று எடுத்ததற்கெல்லாம் குறை. மனைவி சாஜிதா பேகம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் பரண்மேல் இருந்த கிளாரினெட் பெட்டியை இறக்கித் துடைத்து அவர் முன்னால் வைத்துவிட்டாள். "இதை எடுத்துட்டு எங்கியாவது போய்ட்டு வாங்க. நீங்க இப்படி உக்காந்திருந்தா எனக்கு நோவு வந்துரும்" என்றாள். அப்படித்தான் 1994-ஆம் வருஷம் வைகாசியில் வஹீது, மதன்குமாரின் மெல்லிசைக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

மதன்குமாருக்கு முப்பது வயதிருக்கும். குழுவை நடத்துவதும் அவன்தான், கீபோர்டு வாசிப்பதும் அவன்தான். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் ஒத்திகை. முதல் நாள் வஹீது பழக்கதோஷத்தில் தன் மடக்கு ஸ்டாண்டை விரித்து, நோட்ஸ் தாளை அதன்மேல் வைத்து, ஊதுகிற முனையில் மாட்டும் நாணல் ரீடை எச்சில் பண்ணிக்கொண்டு நிமிர்ந்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க பாய், ஸ்டாண்டெல்லாம் எதுக்குங்க?" என்றான் மதன்குமார்.

"தாளை வைக்கோணுமில்லீங்க தம்பி."

"தாளே ஆகாதுங்க. இப்பெல்லாம் எல்லாக் கல்யாணத்துலயும் வீடியோ எடுக்கறாங்க. நாம குனிஞ்சு தாளைப் பார்த்துட்டிருந்தா, கேசட்டுல பார்க்கறப்ப என்னமோ பரீட்சை எழுதற மாதிரி இருக்குதுங்க. இங்க எல்லாம் மனப்பாடந்தான்."

வஹீது ஸ்டாண்டை மடக்கினார். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் தாள் இல்லாமல் வாசித்ததில்லை. பேண்டில் அது வழக்கமும் இல்லை. நடந்துகொண்டே வாசித்தால்கூட வாத்தியத்திலேயே ஒரு கிளிப்பை மாட்டி, அதில் உள்ளங்கை அகலத் தாளைச் செருகிக் கொடுத்துவிடுவார்கள்.

மதன்குமார் விஷயத்தைச் சொன்னான். இன்னும் மூன்று வாரத்தில் பல்லடத்தில் பொங்கியண்ணன் என்கிற விசைத்தறி முதலாளியின் மகளுக்குக் கல்யாணம். அவருக்கு ஒரு பழைய பாட்டின்மேல் பைத்தியம். அந்தப் பாட்டு கிளாரினெட்டில்தான் தொடங்கும். வேறு வாத்தியம் எதுவும் கூட வராது, கிளாரினெட் மட்டும் தனியாக. பல்லவி முடிந்து மறுபடி நடுவில் ஒரு நீளமான துண்டும் வரும். கீபோர்டுப் பெட்டியிலிருந்து வருகிற சத்தம் வேண்டாம், ஆள் உட்கார்ந்து ஊதவேண்டும் என்று பொங்கியண்ணன் சொல்லிவிட்டாராம்.

"உங்களுக்கு வந்துச்சுன்னா அப்பறம் எல்லாக் கச்சேரிக்கும் நீங்கதாங்க. வரலீன்னா தப்பா நெனைச்சுக்காதீங்க பாய், இதைப் பாருங்க" என்று கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கி நாலு கட்டைகளைத் தொட்டான். கிளாரினெட் சத்தம் வந்தது. கொஞ்சம் பிளாஸ்டிக் வாசனை அடித்தாலும் சத்தம் சத்தம்தான். அதற்கு மூச்சு வாங்கவில்லை. "பொங்கியண்ணனை நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

வஹீது தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். அவருக்கு இருந்த பயம் மதன்குமாருக்குத் தெரியாது. சாஜிதாவுக்கும் தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார். வஹீது பேண்டில் இரண்டாம் கிளாரினெட். பாட்டை வாசிப்பது முதல் கிளாரினெட்டின் வேலை, அது சென்னகேசவனுடையது. இரண்டாம் கிளாரினெட் அதற்கு இரண்டு படி கீழே நின்று கூடவே போகும், நடுநடுவே எட்டு எண்ணிக்கை, பதினாறு எண்ணிக்கை என்று வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். அது இருந்தால் யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டால் என்னவோ குறைகிறது என்பார்கள். சென்னகேசவன் லீவு போட்ட நாளில்கூட மேல் வரிக்கு வேறு ஆளைத்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கல்யாணமாகி வந்த புதிதில், "பேண்டுல நீங்க என்ன வாசிப்பீங்க?" என்று சாஜிதா கேட்டபோது, "பாட்டுத்தான்" என்று அவர் சொல்லிவிட்டார். சொன்னது சொன்னதுதான், பிறகு திருத்த வாய்க்கவில்லை.

அதனால் அவருக்கு இது குழுவில் ஓர் இடம் கிடைக்கிற விஷயம் மட்டுமல்ல. சாவதற்குள் ஒரே ஒரு தரம் பாட்டைத் தான் வாசிக்கவேண்டும், அதை சாஜிதா கேட்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை. பெரிய ஆசை ஒன்றுமில்லை, ஆனால் ஐந்தில் வளையாதது ஐம்பத்தெட்டில் வளையவேண்டியிருந்தது.

கேசட்டைப் போட்டுக் கேட்டு ஒரே மாலையில் முழுப் பாட்டையும் நோட்ஸாக எழுதிவிட்டார். எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது மறுநாள் தாளைக் கவிழ்த்து வைத்தபோது தெரிந்தது. நான்கு சுரம் வந்தது, ஐந்தாவது வரவில்லை.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு நாளைக்கு ஒரு வரி படித்து, அந்த வரியைத் தாளிலிருந்து கிழித்து அடுப்பில் போட்டுவிடுவது. கிழித்த பிறகு வேறு கதியில்லை, தலையில் இருந்தாக வேண்டும். தலையிலும் இருந்தது. ஆனால் பாட்டாக இல்லை, தாளாகவே இருந்தது. கண்ணை மூடினால் மூன்றாம் வரி, வலது ஓரம், மை கொட்டிய இடம் என்று எல்லாம் தெரியும். அதைப் பார்த்துப் படித்துத்தான் ஊதினார். தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தால் போதும், தாள் பறந்துவிடும். மறுபடி முதல் வரியிலிருந்து வரவேண்டும். உக்கடத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் விரல்கள் தொடையில் ஆடின. ஒத்திகையில் ஒரு நாள் சரியாக வந்தது, இரண்டு நாள் நடுவில் நின்றது. நின்றபோதெல்லாம் மதன்குமார், "பார்த்துக்கலாங்க பாய்" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மூன்றாவது வாரம் பட்டுக்கடை மாடிப்படி ஏறுவதே அவருக்கு மலை ஏறுகிற மாதிரி ஆகிவிட்டது. பேசாமல் விட்டுவிடலாமா என்று தினமும் ஒரு தரம் படியில் நின்று யோசித்தார்.

"எதுக்குங்க இந்த வயசுல இந்தப் பாடு?" என்று சாஜிதா கேட்டாள்.

"நீதானே பெட்டியை எறக்கிக் குடுத்தே?"

"ஊதறதுக்குக் குடுத்தேன். உசுர உடறதுக்கா குடுத்தேன்?"

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, மத்தியானம் அவர் ரீடைச் சீவிக்கொண்டிருந்தார். சாஜிதா சமையல்கட்டில் பீன்ஸ் நறுக்கியபடி ஏதோ முணுமுணுத்தாள். பழைய அணிவகுப்புப் பாட்டு. வஹீதுக்குக் கை நின்றுவிட்டது. அவள் பாடியது பாட்டே இல்லை. அவர் பேண்டில் ஊதிய இரண்டாம் கிளாரினெட்டின் வரி. பாட்டு மேலே ஏறுகிற இடத்தில் அவள் கீழேயே நின்றாள். வரி முடிந்ததும் வாயை மூடிக்கொண்டாள், எட்டு எண்ணிக்கை கத்தி மட்டும் டக்டக் என்று போனது, பிறகு சரியான இடத்தில் மறுபடி பிடித்துக்கொண்டாள். பேண்டுத் தாளில் இருந்ததற்கு ஒரு மாத்திரை பிசகவில்லை.

"அது என்ன பாட்டு?" என்றார்.

"நல்லாக் கேட்டீங்க போங்க. நீங்க ஊட்ல வாசிச்சுப் பழகறதுதானுங்க. இருபத்தொம்பது வருஷமாக் காதுல உழுகுதே."

அடப்பாவமே, இதைப் பாட்டு என்று நம்பிக்கொண்டிருக்கிறாளே என்று வஹீதுக்கு வெட்கமாகப் போயிற்று. தான் சொன்ன ஒரு பொய் அவள் வாயில் இத்தனை வருஷம் குடியிருந்திருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடலாமென்று வாயெடுத்தவர், "ஞாயித்துக்கெழம நீயும் பல்லடத்துக்கு வா" என்றுமட்டும் சொன்னார். உண்மையான பாட்டை அவள் காதால் கேட்கட்டும், அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை முகூர்த்தம் முடிந்துவிட்டது. பத்தரை மணிக்கு, ஒரு பக்கம் பந்தி நடக்க, மறுபக்கம் கச்சேரி ஆரம்பமாயிற்று. பொங்கியண்ணன் வேட்டி மடிப்புக் கலையாமல் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். சாஜிதா பெண்கள் பக்கம், மின்விசிறிக்கு அடியில் இருந்தாள். மூன்றாவது பாட்டு வஹீதுடையது.

மதன்குமார் கண்ணைக் காட்டினான். வஹீது கண்ணை மூடினார். தாள் முழுசாகத் தெரிந்தது. அடுப்பில் போட்ட அத்தனை வரிகளும் திரும்பி வந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்து ஊதினார். மண்டபம் அடங்கியது. பாயசம் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர்கூடச் சத்தத்தைக் குறைத்தார். பொங்கியண்ணன் தொடையில் தாளம் போட்டார். பாடகி பிரவீனா பல்லவியை எடுத்தபோது வஹீதுக்கு, பாட்டை வாசித்துவிட்டோம், நான்தான் வாசித்தேன் என்று சந்தோஷம் பொங்கியது. கண்ணைத் திறந்து சாஜிதாவைத் தேடினார்.

தேடியிருக்கக்கூடாது. வீடியோக்காரர் விளக்கை அவர் பக்கம் திருப்பினார். கண்ணில் வெள்ளையடித்தது. மறுபடி மூடிக்கொண்டபோது தாள் இல்லை. மை கொட்டிய இடம்கூட இல்லை. பல்லவி முடிந்தது, நடுத்துண்டு வந்துவிட்டது, அவர் வாயில் மூச்சு இருந்தது, பாட்டு இல்லை.

மதன்குமார் கெட்டிக்காரன். ஒரு தாளம் போவதற்குள் பட்டனை அமுக்கிவிட்டான். பெட்டியின் கிளாரினெட் பாட்டை எடுத்துக்கொண்டு மேலே போனது. வஹீது வாத்தியத்தை இறக்கியிருக்கவேண்டும். இறக்கவில்லை. மேலே ஒரு கிளாரினெட் போகிற சத்தம் கேட்டதும் அவர் விரல்கள் யாரையும் கேட்காமல் நகர்ந்தன. இரண்டு படி கீழே போய் நின்று கூடவே நடந்தன. அதை அவர் எழுதவில்லை, படிக்கவில்லை, எந்தத் தாளிலும் அது கிடையாது. சட்டியில் இருந்தது அகப்பையில் வந்தது. பிளாஸ்டிக் சத்தத்துக்கு அடியில் மனுஷ மூச்சு சேர்ந்ததும் அது மரக் கிளாரினெட்டாகவே மாறிவிட்டது. பொங்கியண்ணன் தாளம் போடுவதை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

முடிந்ததும் மதன்குமார் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"அசத்திப்போட்டீங்க பாய்! இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா? எழுதி வெச்சிருந்தீங்களா?"

"இல்லீங்க தம்பி. தானா வந்துச்சு."

"இனிமே எல்லாப் பாட்டுக்கும் இப்படியே வெச்சுக்கலாங்க. மேல பட்டன் பார்த்துக்கும், கீழ நீங்க."

"சரிங்க" என்றார் வஹீது. இடம் கிடைத்துவிட்டது. எதற்காக அந்த இடத்தைக் கேட்டாரோ அது போய்விட்டது. சென்னகேசவனுக்குக் கீழே நின்றபோது அவனோடு டீயாவது குடிக்கலாம். இப்போது ஒரு பட்டனுக்குக் கீழே. கிளாரினெட்டைக் கழற்றித் துடைக்கும்போது அவருக்கு அழுகை வரவில்லை, கொட்டாவி வந்தது.

மத்தியானப் பஸ்ஸில் கூட்டமில்லை. சாஜிதா ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"நடுவுல மறந்துபோட்டேன்" என்றார் வஹீது.

"தெரியுமுங்க."

"உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். நீ ஊட்ல பாடறியே, அது பாட்டே இல்ல சாஜிதா. பாட்டை வாசிச்சது சென்னகேசவன். நான் இருபத்தொம்பது வருஷமும் அவனுக்குக் கீழ நின்னு ஊதினவன். உங்கிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க, நம்ம ஊட்ல ரேடியோ இருக்குதில்லீங்களா? வருஷா வருஷம் ஆகஸ்ட் பதினஞ்சுக்கு அந்தப் பாட்டு அதுல வராதுங்களா? பாட்டு எதுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

"அப்பறம் எதுக்கு என்னோடதைப் பாடறே?"

"பாட்டை ஊரே பாடுதுங்களே. உங்களோடதை நானும் பாடாட்டி வேற யாருங்க பாடுவாங்க?"

வஹீது துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஈரமாகிக்கொண்டே இருந்தது.